கெய்ன்ஸ்வில்லுக்குக் குடிபெயரலாமா? முடிவெடுக்கும் முன் ஆகஸ்டில் ஒருமுறை வந்து பாருங்கள்

பனியை வாரிக் கொட்டி இடுப்பு ஒடிந்த பிப்ரவரி மாதத்தில்தான் பலருக்கும் புளோரிடா நினைவுக்கு வருகிறது. எங்களுக்கும் அப்படித்தான் வந்தது. மிச்சிகனில் ஒன்பது குளிர்காலங்களைக் கழித்தபின், ஒரு பிப்ரவரி வார இறுதியில் புளோரிடாவின் பல்கலைக்கழக ஊரான கெய்ன்ஸ்வில்லுக்கு வந்து இறங்கினோம். வெயில் இதமாக இருந்தது. சாலையோரத்து ஓக் மரங்களிலிருந்து ஸ்பானிஷ் மாஸ் நரைத்த தாடிபோலத் தொங்கிக்கொண்டிருந்தது. குழந்தை ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுப் புல்லில் ஓடினாள். மூன்றே நாளில் மனம் முடிவு செய்துவிட்டது.

பதினோரு ஆண்டுகளாக இங்கேயே இருக்கிறோம். வந்தது பற்றி வருத்தமில்லை. ஆனால் அன்று நாங்கள் பார்த்தது இந்த ஊரின் ஆண்டிலேயே மிக நல்ல மூன்று நாள்களை. அதை வைத்து ஒரு வீட்டையே வாங்கினோம். அந்த அவசரத்துக்கு நாங்கள் கொடுத்த விலையை இன்னொரு குடும்பம் கொடுக்க வேண்டாம் என்பதால், வர நினைக்கிறவர்களிடம் நான் வழக்கமாகச் சொல்லும் வரிசையை இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் இரண்டு நாள்காட்டிகள் ஓடுகின்றன. ஒன்று வானத்துடையது, மற்றது பல்கலைக்கழகத்துடையது. வாடகை, போக்குவரத்து, மின்கட்டணம், சத்தம், கூட்டம், புயல், நட்பு எல்லாமே இந்த இரண்டில் ஏதோ ஒன்றுக்குக் கட்டுப்பட்டவை. இரண்டும் உச்சத்தில் சந்திக்கும் மாதம் ஆகஸ்ட். உங்கள் அன்றாட வாழ்க்கை இந்த இரண்டோடும் ஒத்துப்போகுமா என்று பார்ப்பதுதான் நீங்கள் செய்ய வேண்டிய வேலை.

முதல் படி: சம்பளம் எந்த வாசல் வழியாக வரும்?

கெய்ன்ஸ்வில் பெரிய நகரம் இல்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நகர எல்லைக்குள் 1,41,085 பேர். ஊர் இருக்கும் மாவட்டமான அலச்சுவா கவுன்டி முழுவதையும் சேர்த்தால் 2,78,468 பேர். புளோரிடா பல்கலைக்கழகத்தில் மட்டும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். பல்கலைக்கழகம், அதன் ஷாண்ட்ஸ் மருத்துவமனை, முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனை, பள்ளிகள், அரசு அலுவலகங்கள் ஆகிய சில வாசல்கள் வழியாகத்தான் ஊரின் சம்பளத்தில் பெரும்பகுதி வீடுகளுக்குள் நுழைகிறது. டெட்ராய்ட் போன்ற பெருநகரத்தில் ஒரு வேலை போனால் பக்கத்துத் தெருவில் இன்னொன்றைத் தேடலாம். இங்கே வேலை போனால் அடுத்த பெரிய சந்தை ஜாக்சன்வில். காரில் ஒன்றரை மணி நேரம். ஆர்லாண்டோவும் டாம்பாவும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். வாரத்தில் ஒரு நாள் போய்வரலாம், தினமும் முடியாது.

ஆகவே பல்கலைக்கழக வேலை கிடைத்திருக்கிறது என்றால், அந்தப் பதவிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். மாநில நிதியிலிருந்தா, ஆராய்ச்சி மானியத்திலிருந்தா? மானியம் என்றால் இன்னும் எத்தனை ஆண்டுகள் மீதமிருக்கின்றன? இந்தக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மானியம் முடிந்த மாதத்தில், வாங்கிய வீட்டோடு திகைத்து நின்றவர்களையும் பார்த்திருக்கிறேன். கணவன், மனைவி இருவரும் வேலை பார்க்கிறவர்கள் என்றால் இரண்டாவது வேலையைப் பற்றிய பேச்சை முதல் வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்பே தொடங்குங்கள். ஒப்புக்கொண்ட பிறகு உங்கள் சொல்லுக்கு எடை குறைந்துவிடும்.

விசாவில் இருப்பவர்கள் இன்னும் ஒரு படி கவனமாக இருக்க வேண்டும். பல்கலைக்கழகங்கள் எச்-1பி வேலை விசாவின் ஆண்டு உச்சவரம்புக்கு உட்பட்டவை அல்ல என்பதால் குலுக்கல் இல்லாமலே விசா கிடைக்கும் என்று நம்பித்தான் பலர் இப்படிப்பட்ட ஊர்களுக்கு வருகிறார்கள். அந்த விதி உண்மைதான். ஆனால் பிறகு தனியார் நிறுவனத்துக்கு மாற நினைத்தால், முன்பு ஒருமுறையும் அந்த வரம்புக்குள் எண்ணப்படாதவர்கள் குலுக்கலில் நிற்க வேண்டியிருக்கும். அது மட்டுமல்ல, மாநிலப் பல்கலைக்கழகங்கள் எச்-1பி மூலம் ஆள் எடுப்பதை நிறுத்த வேண்டும் என்று புளோரிடா ஆளுநர் 2025 அக்டோபரில் அறிவுறுத்தினார். இது நாளுக்கு நாள் மாறுகிற விஷயம். துறைத்தலைவர் வாய்மொழியாகத் தரும் உறுதியை நம்பிப் பெட்டி கட்டாதீர்கள். மனிதவளப் பிரிவிலிருந்து எழுத்தில் வாங்குங்கள். ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர்களுக்கு இந்தப் படி எளிது. புளோரிடாவில் வசிக்க நிறுவனம் சம்மதிக்கிறதா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: ஆகஸ்டில் வந்து ஐந்து நாள் தங்குங்கள்

“வெயில் நமக்குப் புதிதா என்ன?” என்று நம்மவர்கள் எல்லோரும் கேட்பார்கள். நானும் கேட்டேன். நம் ஊரில் கத்திரி என்றால் சில வாரங்கள். அதன் பிறகு உடம்புக்கு ஒரு விடுதலை உண்டு. இங்கே ஜூன் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் முடியும்வரை ஒரே சீராகப் போகும். எண்ணைப் பார்த்தால் பயம் வராது. ஜூலையின் சராசரி உச்ச வெப்பம் ஏறக்குறைய 91 பாரன்ஹீட், அதாவது 33 செல்சியஸ்தான். படுத்துவது புழுக்கம்.

அதனால் வெப்பநிலையை விட்டுவிட்டுப் பனிப்புள்ளியைப் பாருங்கள். காற்றிலுள்ள ஈரம் எந்த வெப்பநிலையில் துளியாகப் படியத் தொடங்குமோ அதுதான் பனிப்புள்ளி. அது 60 பாரன்ஹீட்டுக்குக் கீழே இருந்தால் உடம்புக்குச் சுகம். 70ஐத் தாண்டினால் வியர்வை காயாமல் தோலிலேயே நிற்கும். இங்கே கோடையில் பெரும்பாலான நாள்கள் 70க்கு மேலேதான் இருக்கும், இரவிலும்கூட. 1965இல் இந்தப் பல்கலைக்கழகத்தின் மருத்துவர் ராபர்ட் கேடும் அவருடைய குழுவினரும் கேட்டரேட் பானத்தை உருவாக்கியது இந்தப் புழுக்கத்தால்தான். அமெரிக்கக் கால்பந்து வீரர்கள் மைதானத்தில் நீரையும் உப்பையும் வியர்வையாக இழந்து சோர்ந்து விழுந்தார்கள். அந்த இழப்பை ஈடுகட்டத்தான் அதைக் கலந்தார்கள்.

வந்து தங்கும் ஐந்து நாளில் சுற்றுலாப் பயணியைப்போல நடந்துகொள்ளாதீர்கள். ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, நீங்கள் குடியிருக்க நினைக்கும் தெருவில் இருபது நிமிடம் நடந்து பாருங்கள். குழந்தைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். மாலை ஐந்து மணிக்கு ஆர்ச்சர் சாலையில் ஐ-75 நெடுஞ்சாலையை நோக்கிக் காரை ஓட்டுங்கள். மாணவர்கள் திரும்பி வந்திருக்கும் வாரமாக இருந்தால் அந்தச் சாலையின் உண்மையான நீளம் தெரியும். பிற்பகல் இடிமழையில் ஒருமுறையாவது மாட்டிக்கொள்ளுங்கள். கோடையில் பல நாள்கள் அது வரும். அரைமணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டு ஓயும். மின்னல் இங்கே விளையாட்டு விஷயமில்லை. இடிச் சத்தம் கேட்டால் நீச்சல்குளத்திலிருந்து எல்லோரும் ஏறிவிடுவார்கள்.

ஒரு நாள் அதிகாலையில் எழுந்து பேன்ஸ் பிரெய்ரிக்குப் போங்கள். நகரின் தெற்கு விளிம்பில் இருபதாயிரம் ஏக்கருக்கும் மேலாகப் பரந்து கிடக்கும் சதுப்பும் புல்வெளியும் அது. லா சுவா பாதையில் காலை எட்டு மணிக்கு நடந்தால் முதலை இனத்தைச் சேர்ந்த அலிகேட்டர்கள் கரையில் கிடப்பதையும், கொக்குகளையும், வாய்ப்பிருந்தால் காட்டுக் குதிரைகளையும் பார்க்கலாம். அதே பாதையில் மதியம் ஒரு மணிக்கு நிழல் கிடையாது. இந்த இரண்டு நேரங்களுக்கும் உள்ள வித்தியாசம்தான் இந்த ஊர் வாழ்க்கை. இங்கே நிம்மதியாக இருப்பவர்கள் கோடையில் காலை ஒன்பதுக்கு முன்பும் சூரியன் சாய்ந்த பிறகும் வெளிவேலைகளை வைத்துக்கொண்டவர்கள். காலை எழ முடியாதவர்களுக்கு இந்த ஊரின் நல்ல பாதி கண்ணில் படுவதே இல்லை.

புதிய வெப்பத்துக்கு உடம்பு பழக ஒன்று அல்லது இரண்டு வாரம் ஆகும். ஐந்து நாள் பயணத்தில் அந்தப் பழக்கம் வந்துவிடாது. மூன்றாம் நாள் களைப்பை வைத்து ஊரைத் தள்ளிவிடவும் வேண்டாம். நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. வெளியே போக முடியாத பிற்பகலில் வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் என்ன செய்கிறார்கள்? எரிச்சலா, அமைதியா?

குளிர்கால உடைகளை முழுவதுமாகத் தானம் செய்துவிடாதீர்கள். இது புளோரிடாவின் வடபகுதி. ஜனவரி இரவுகளின் சராசரி 6 செல்சியஸ் அளவில் இருக்கும். ஒவ்வொரு ஆண்டும் சில இரவுகள் உறைநிலைக்குக் கீழே போகும். 1894 டிசம்பரிலும் 1895 பிப்ரவரியிலும் அடுத்தடுத்து வந்த பெரும் உறைபனி இப்பகுதியின் ஆரஞ்சுத் தோப்புகளை அழித்தது. அந்தத் தொழிலே தெற்கே நகர்ந்துபோனது. முருங்கையும் கறிவேப்பிலையும் வளர்க்கலாம், வளர்க்கிறோம். உறைபனி இரவில் கறிவேப்பிலைத் தொட்டியை வீட்டுக்குள் தூக்கி வைக்க வேண்டும்.

மூன்றாம் படி: வீட்டுக்குள் இருக்கும் தட்பவெப்பம்

வடக்கே வீட்டைப் பார்க்கும்போது உலையையும் ஜன்னலையும் பார்ப்போம். இங்கே ஏசியையும் ஈரத்தையும் பாருங்கள். வீட்டுக்குள் ஈரப்பதம் 60 சதவிகிதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். 50க்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது. அதைத் தாண்டினால் துணி அலமாரியின் பின்சுவரில், தோல் செருப்பில், புத்தகத்தின் முதுகில் பூஞ்சை பிடிக்கும். பத்துப் பதினைந்து டாலர் ஈரப்பதமானி ஒன்றை வாங்கி, வீடு பார்க்கப் போகும்போது கையில் எடுத்துப் போங்கள். படுக்கையறை அலமாரிக்குள் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். முகவர் வியப்பார், பரவாயில்லை.

பெரிய ஏசி என்றால் நல்ல ஏசி என்ற எண்ணம் இங்கே தவறாகிவிடும். வீட்டின் அளவுக்கு மீறிய இயந்திரம் அறையைச் சட்டென்று குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்ச அதற்கு நேரம் இருக்காது. அறை சில்லென்றும் பிசுபிசுவென்றும் இருக்கும்.

எங்கள் முதல் கோடையில் நடந்ததைச் சொல்கிறேன். ஏசி உறிஞ்சும் ஈரம் ஒரு சிறிய பிளாஸ்டிக் குழாய் வழியாக வெளியே சொட்டும். வெதுவெதுப்பும் ஈரமும் இருக்கும் இடத்தில் பாசி வளராமல் இருக்குமா? குழாய் அடைத்துக்கொண்டது. நாங்கள் நான்கு நாள் வெளியூர் போயிருந்தோம். திரும்பியபோது கூடத்தின் தரை நனைந்திருந்தது, சுவரின் அடிப்பகுதி உப்பியிருந்தது. மாதம் ஒருமுறை அந்தக் குழாயில் ஒரு கோப்பை வினிகர் ஊற்றியிருந்தால் போதும் என்று பிறகு தெரிந்தது. வடக்கிலிருந்து வருகிறவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை. வெளியூர் போகும்போது ஏசியை அணைத்துவிட்டுப் போகவும் கூடாது. அளவைக் கொஞ்சம் உயர்த்தி வைத்துவிட்டுப் போக வேண்டும்.

எந்த வீடானாலும், போன ஆகஸ்ட் மாத மின்கட்டண ரசீதைக் கேளுங்கள். ஆண்டுச் சராசரியைச் சொன்னால் ஏற்காதீர்கள். ஆகஸ்ட் ரசீதுதான் வேண்டும்.

வீட்டில் ஆஸ்துமாவோ ஒவ்வாமையோ உள்ளவர்கள் இருந்தால் இன்னொரு பயணமும் தேவைப்படலாம், மார்ச்சில். ஓக் மரங்களின் மகரந்தம் கார்களின்மேல் மஞ்சள் பொடியாகப் படியும் காலம் அது. பெரிய கரப்பான்கள், நெருப்பு எறும்புகள், கொசுக்கள், மே மாதத்திலும் செப்டம்பரிலும் காரின் முன்கண்ணாடியில் அப்பும் லவ்பக் பூச்சிகள் ஆகியவற்றுக்குப் பழகிவிடலாம். அலிகேட்டர் விஷயத்தில் மட்டும் பழக்கம் கூடாது. நன்னீர் எங்கே தேங்கி நின்றாலும் அது இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு, குழந்தைகளையும் நாயையும் கரையிலிருந்து தள்ளி வைத்திருங்கள்.

நான்காம் படி: மாணவர்களின் ஆண்டை மனப்பாடம் செய்யுங்கள்

ஊரின் வாடகைச் சந்தை ஆகஸ்டிலிருந்து ஆகஸ்டுக்குத்தான் சுழல்கிறது. ஜூலை இறுதியில் ஒப்பந்தங்கள் முடியும், ஆகஸ்ட் நடுவில் புதியவை தொடங்கும். இடையிலுள்ள இரண்டு வாரங்கள் தங்க இடமில்லாமல் சாமான்களைக் காரில் வைத்துக்கொண்டு அலைகிற மாணவர்களைப் பார்க்கலாம். அடுத்த ஆண்டுக்கான வீட்டை அவர்கள் முந்தைய இலையுதிர் காலத்திலேயே பிடித்துவிடுகிறார்கள். ஆகவே மே மாதம் தேடத் தொடங்கும் குடும்பத்துக்குப் பல்கலைக்கழகத்தை ஒட்டி மிச்சமிருப்பது பெரும்பாலும் யாரும் வேண்டாமென்று விட்டது. பல இடங்களில் வீட்டை முழுதாக வாடகைக்குத் தராமல், படுக்கையறைக்கு ஒருவர் என்று தனித்தனியாக ஒப்பந்தம் போடுவார்கள். விளம்பரத்தில் வாடகை குறைவாகத் தெரிந்தால், அது ஓர் அறைக்கா முழு வீட்டுக்கா என்று கேளுங்கள்.

குடும்பங்கள் பொதுவாகத் தென்மேற்கில் ஹெய்ல் பிளான்டேஷன், அதையும் தாண்டி டியோகா, ஜோன்ஸ்வில் பக்கம் பார்க்கின்றன. அமைதியான இடங்கள்தான், எல்லாவற்றுக்கும் கார் வேண்டும். பழைய ஊரை நேசிக்கிறவர்களுக்கு வடகிழக்கில் டக்பாண்ட் பகுதி உண்டு: மர வீடுகள், பெரிய நிழல், நடந்துபோகும் தூரத்தில் நகர மையம். அங்கே வீட்டின் அழகில் மயங்குவதற்கு முன் மின்கம்பிகளுக்கு மேலே சாய்ந்திருக்கும் கிளைகளை எண்ணுங்கள். முகவரியைப் பிடித்துக்கொள்ள உள்ளூர்க்காரர்கள் ‘ஏப்ரல்’ என்ற சொல்லை நினைவில் வைத்திருப்பார்கள். அதன் ஆங்கில எழுத்துகளில் A, P, R, L ஆகியவற்றுக்கேற்ப அவென்யூ, பிளேஸ், ரோடு, லேன் என்று முடிபவை கிழக்கு மேற்காக ஓடும். ஸ்ட்ரீட், டெரஸ், டிரைவ் என்று முடிபவை வடக்கு தெற்காக ஓடும். நகரம் நான்கு திசைக் கூறுகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், முகவரியில் வடமேற்கு என்பதைத் தென்மேற்கு என்று படித்துவிட்டால் ஊரின் மறுகோடியில் போய் நிற்பீர்கள்.

நகரப் பஸ்களைப் பெரிதும் தாங்கிப் பிடிப்பது மாணவர் கூட்டம். ஆகவே விடுமுறைகளில் சேவை குறையும். கார் இல்லாமல் வாழ நினைப்பவர்கள் டிசம்பர் விடுமுறைக் கால அட்டவணையை வைத்து முடிவு செய்ய வேண்டும்.

இலையுதிர் காலத்துச் சில சனிக்கிழமைகள் ஊர் வேறு ஊராகிவிடும். கால்பந்து மைதானத்தின் கொள்ளளவு 88,548. நகர மக்கள்தொகையில் பாதிக்கும் மேல் ஒரே இடத்தில் கூடினால் எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த நாள்களில் விடுதி அறை கிடைக்காது. மைதானத்தைச் சுற்றியுள்ள வீட்டு வாசல்களெல்லாம் கார் நிறுத்தமாகும். ஆட்ட நாள் பட்டியலைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைத்து, அந்தச் சனிக்கிழமைக்கான காய்கறியை வெள்ளிக்கிழமையே வாங்கி வைக்கும் பழக்கம் எங்கள் வீட்டில் உண்டு. மே மாதத்தில் இதற்கு நேரெதிர். ஊர் காலியாகும். சாலை திறந்துகொள்ளும். எனக்கு மிகவும் பிடித்த வாரங்கள் அவை.

ஐந்தாம் படி: புயல், வெள்ளம், காப்பீடு

கெய்ன்ஸ்வில் கடலோரத்தில் இல்லை. கடல் பெருகி வந்து வீட்டை அடித்துப்போகும் பயம் இங்கே இல்லை. இதைச் சொல்லித்தான் வீடு விற்பார்கள். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை நீளும் புயல் பருவத்தில் இங்கே வருவது காற்றும் மழையும் மின்தடையும். 2004 செப்டம்பரில் பிரான்சிஸ், ஜீன் என்ற இரண்டு புயல்கள் மூன்று வார இடைவெளியில் இந்தப் பகுதியைத் தாக்கின. 2017இல் இர்மா. மரங்கள் இந்த ஊரின் அழகு. அவைதான் விழுந்து கம்பிகளை அறுக்கின்றன. ஏசி இல்லாத செப்டம்பர் இரவுகளைச் சமாளிக்க முடியுமா, வீட்டில் வயதானவர்களோ குளிரில் வைக்க வேண்டிய மருந்தோ இருந்தால் எங்கே போவது என்பதை வருவதற்கு முன்பே பேசிவையுங்கள்.

வெள்ளம் பற்றி ஒரு நுட்பம் உண்டு. இங்கே நிலத்தடியில் சுண்ணாம்புப் பாறை. பல இடங்களில் மழைநீர் ஆற்றில் போய்ச் சேராமல் பள்ளங்களில் தேங்கி, மெல்ல உறிஞ்சப்பட்டு இறங்குகிறது. அப்படிப்பட்ட மூடிய பள்ளத்தின் ஓரத்தில் வீடு இருந்தால், புயல் போன பிறகும் வாரக்கணக்கில் தண்ணீர் வடியாமல் நிற்கலாம். அரசின் வெள்ள வரைபடத்தில் முகவரியைத் தேடிப் பாருங்கள். பிறகு பக்கத்து வீட்டுக்காரரிடம் “இர்மாவின்போது இங்கே எப்படி இருந்தது?” என்று கேளுங்கள். வரைபடத்தைவிட அவர் அதிகம் சொல்வார். சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்தைத் தாங்காது. தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் எடுத்தால், வீட்டுக் கடனோடு சேர்த்து எடுப்பது போன்ற விலக்குகள் தவிர, நடைமுறைக்கு வர 30 நாள் ஆகும். புயல் பெயரைத் தொலைக்காட்சியில் கேட்டபின் எடுத்துப் பயனில்லை.

அதே சுண்ணாம்புப் பாறை கரைந்து மேல்மண் உள்ளே சரிவதும் உண்டு. வடமேற்கே டெவில்ஸ் மில்ஹாப்பர் என்ற பூங்காவில் 120 அடி ஆழப் பள்ளத்துக்குள் படியில் இறங்கி அதைக் கண்ணால் காணலாம். நிலம் திடீரென்று உள்வாங்கி வீடு குடியிருக்கத் தகாமல் போகும் பேரிழப்புக்குக் காப்பீடு தர வேண்டும் என்று மாநிலச் சட்டம் சொல்கிறது. அதற்குக் குறைவான சேதங்கள், சுவர் விரிசல் போன்றவை, தனியாகச் சேர்த்தால்தான் உண்டு. இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிடாதீர்கள்.

வீட்டை வாங்கும் முன் காப்பீட்டு மதிப்பீட்டை வாங்குங்கள். கூரையின் வயதுதான் முதல் கேள்வியாக வரும். புயலுக்கான கழிவுத்தொகை, அதாவது காப்பீடு பணம் தரும் முன் நீங்கள் ஏற்க வேண்டிய பங்கு, தனி. அது பெரும்பாலும் வீட்டின் காப்பீட்டு மதிப்பில் 2 அல்லது 5 சதவிகிதமாக இருக்கும். மூன்று லட்சம் டாலர் வீட்டுக்கு 2 சதவிகிதம் என்றால் முதல் ஆறாயிரம் டாலர் உங்கள் பையிலிருந்து. கரையான் பரிசோதனையையும் தவிர்க்காதீர்கள்.

ஆறாம் படி: வரி ரசீது காட்டும் பொய்யான எண்

புளோரிடாவில் மாநில வருமான வரி இல்லை. இந்த ஒரு வரியில் பலர் மயங்கிவிடுகிறார்கள். விற்பனை வரி மாநிலத்துக்கு 6 சதவிகிதம், அதற்கு மேல் கவுன்டியின் பங்கு. பல்கலைக்கழகமும் அரசும் வைத்திருக்கும் பெரும்பரப்புக்குச் சொத்துவரி கிடையாது என்பதால், மீதமுள்ள வீடுகளின் தோளில் சுமை கூடுதலாகவே விழுகிறது.

நாங்கள் ஏமாந்த இடம் இதுதான். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் வரி மதிப்பீடு ஆண்டுக்கு 3 சதவிகிதத்துக்கு மேல் உயரக்கூடாது என்று மாநிலத்தில் விதி இருக்கிறது. இருபது ஆண்டு அதே வீட்டில் இருந்தவருடைய வரி அதனால் மிகவும் குறைவாக இருக்கும். வீடு கைமாறினால், அடுத்த ஜனவரி 1 அன்று மதிப்பீடு சந்தை விலைக்குத் தாவிவிடும். விளம்பரத்தில் போட்டிருந்த பழைய உரிமையாளரின் வரியை நம்பி மாதத் தவணையைக் கணக்கிட்டோம். இரண்டாம் ஆண்டு வந்த ரசீதைப் பார்த்தபோது யாருடையதோ தவறி வந்துவிட்டது என்று நினைத்தேன். கவுன்டியின் சொத்து மதிப்பீட்டாளர் அலுவலக இணையதளத்தில் வாங்கும் விலையை இட்டு வரியை உத்தேசிக்க முடியும். அந்த எண்ணை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். வாங்கிய பிறகு, குடியிருப்போருக்கான வரிவிலக்குக்கு மார்ச் 1ஆம் தேதிக்குள் விண்ணப்பியுங்கள். சுமார் 50,000 டாலர் மதிப்புவரை விலக்கு கிடைக்கும். 3 சதவிகித வரம்பும் அதன் பிறகுதான் உங்களைக் காக்கத் தொடங்கும்.

ஏழாம் படி: குழந்தைகள், பெற்றோர், நட்பு

பல்கலைக்கழக ஊரில் வளரும் குழந்தைக்குக் கிடைப்பவை நிறைய. இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பட்டாம்பூச்சிக் கூடம், இசை நிகழ்ச்சிகள், பொது விரிவுரைகள். பக்கத்து வீட்டு மாமா நட்சத்திரங்களை ஆராய்பவராக இருப்பார். புக்ஹோல்ஸ் உயர்நிலைப் பள்ளியின் கணித அணி தேசியப் போட்டிகளில் பலமுறை வென்ற அணி. ஆனால் பள்ளிக்குப் பள்ளி வேறுபாடு அதிகம், எல்லைகளும் மாற்றப்படுகின்றன. முகவரியை வைத்துப் பள்ளி வாரியத்திடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கல்லூரி வயதை நெருங்கும் பிள்ளை இருந்தால் தேதி முக்கியம். மாநிலத்தவருக்கான குறைந்த கட்டணத்துக்கு, வகுப்பு தொடங்கும் நாளுக்கு முன் தொடர்ந்து 12 மாதங்கள் பெற்றோர் இங்கே வசித்திருக்க வேண்டும். அதற்கு ஆவணமும் வேண்டும். ஓட்டுநர் உரிமத்தை 30 நாளுக்குள் மாற்ற வேண்டும். வேலையில் சேர்ந்தாலோ குழந்தையைப் பள்ளியில் சேர்த்தாலோ வாகனப் பதிவை 10 நாளுக்குள் மாற்ற வேண்டும். இவற்றைத் தள்ளிப்போடாதீர்கள், பிறகு அவையே உங்கள் வசிப்புக்குச் சாட்சி.

ஊரிலிருந்து பெற்றோர் வந்து தங்குவார்கள் என்றால் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அழையுங்கள். தென்னிந்தியக் கோபுரத்தோடு கட்டிய கோயிலைத் தேடினால் டாம்பா போன்ற ஊருக்குப் போக வேண்டும். மருத்துவ வசதிக்குக் குறையில்லை. குறைந்த வருமானத்தவருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டைப் புளோரிடா மாநிலம் விரிவாக்கவில்லை என்பதால், இரண்டு வேலைகளுக்கு இடையே காப்பீடு இல்லாமல் நிற்கும் மாதங்களுக்கு மட்டும் தனியாகத் திட்டமிடுங்கள்.

நட்பைப் பற்றி யாரும் வழிகாட்டிகளில் எழுதுவதில்லை, எழுத வேண்டும். இந்த ஊரில் பழகும் மனிதர்களில் பாதிப்பேர் ஆராய்ச்சி மாணவர்கள், முனைவர் பட்டம் முடித்துத் தற்காலிக ஆய்வுக்கு வந்தவர்கள், பயிற்சி மருத்துவர்கள். மூன்று, ஐந்து ஆண்டுகளில் போய்விடுவார்கள். ஒவ்வொரு மே மாதமும் ஒரு வழியனுப்பு விருந்து இருக்கும். என் மகளின் முதல் மூன்று நெருங்கிய தோழிகளும் இப்போது மூன்று மாநிலங்களில் இருக்கிறார்கள். நான்காம் ஆண்டுதான் எங்களுக்குப் புரிந்தது: பல்கலைக்கழகத்துக்கு வெளியேயும் ஆள்களைத் தேட வேண்டும். தோட்டக் குழு, நூலகம், பள்ளிப் பெற்றோர், பத்து ஆண்டாக அதே தெருவில் இருக்கும் முதியவர் என்று வேர் விட்டவர்களோடு பழகத் தொடங்கிய பிறகுதான் இது எங்கள் ஊரானது. அடிக்கடி விடைகொடுப்பதைத் தாங்க முடியாதவர்கள் இதை வெயிலைவிடப் பெரிய காரணமாக எடுத்துக்கொள்ளலாம்.

எட்டாம் படி: ஓராண்டு வாடகைக்கு இருங்கள்

இவ்வளவுக்குப் பிறகும் மனம் சாய்கிறதென்றால் வாருங்கள், ஆனால் வீடு வாங்காதீர்கள். ஒரு முழு ஆண்டு வாடகைக்கு இருங்கள். எந்தப் பக்கம் தண்ணீர் தேங்குகிறது, எந்தச் சாலை ஆட்ட நாளில் அடைபடுகிறது, எந்தப் பள்ளிக்குக் குழந்தை போகப்போகிறாள் என்பதெல்லாம் அந்தப் பன்னிரண்டு மாதத்தில் தானாகத் தெரிந்துவிடும். மாணவர் வட்டத்தில் சேராத வீடு ஒன்றை, ஜூன் தொடக்கத்துக்குப் பாருங்கள். ஊர் காலியாக இருக்கும், வீட்டுக்காரர்களுக்கும் பேச நேரம் இருக்கும். வடக்கிலுள்ள வீட்டை உடனே விற்க வேண்டிய கட்டாயம் இல்லையென்றால் முதல் செப்டம்பர் முடியும்வரை விற்காதீர்கள்.

அந்த முதல் கோடையில் புழுக்கம் தாங்காமல் போகும் நாளில் வடமேற்கே இச்சடக்னி ஊற்றுக்குப் போங்கள். ஆண்டு முழுவதும் 72 பாரன்ஹீட்டிலேயே இருக்கும் தெளிந்த நீர். மிதவையில் படுத்தால் அதுவே இழுத்துச் செல்லும். மாலையில் பல்கலைக்கழகத்தின் ஆலிஸ் ஏரிக்கு எதிரே உள்ள வௌவால் கூடுகளின் முன் நின்றால், இருட்டும் நேரத்தில் லட்சக்கணக்கான வௌவால்கள் கரும்புகைபோல வானில் எழுவதைப் பார்க்கலாம். எங்கள் வீட்டில் இன்றும் வாரத்தில் ஒரு மாலை அதற்குத்தான்.

சாமான் லாரியைக் காலை ஏழு மணிக்கே வரச் சொல்லுங்கள். மெத்தைகளையும் புத்தகப் பெட்டிகளையும் முதலில் இறக்குங்கள். மதியத்துக்குள் எல்லாம் உள்ளே வந்துவிட வேண்டும். இரண்டு மணிக்கு மேல் மழை வரலாம், ஜூன் மாதத்துப் புழுக்கத்தில் நனைந்த மெத்தை காயாது.